ஆளுக்கு ஒரு பிடி அரிசி

பத்தாங் பெர்ஜுந்தாய்,
மார்கழிக் கடைசி.

அன்புப் பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. போன ஞாயிறு போனில் உன் குரல் கம்மியிருந்தது. "இங்க பொங்கலுக்கு லீவு கிடையாது தாத்தா. நான் பாடம் எடுக்கிற வகுப்புல முப்பது பிள்ளைங்க, அதுல தமிழ்ப் பிள்ளை ஒண்ணுதான். பொங்கலைப் பத்திப் பேசக் கால் மணி நேரம் கொடுத்திருக்காங்க. நாலு படம் காட்டி முடிச்சிடுவேன்" என்றாய். அன்றிரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

விடுமுறையில்லாத பொங்கல் நம் குடும்பத்துக்குப் புதிதல்ல, கண்ணு. மலேசியாவில் இன்றும் அதற்குப் பொது விடுமுறை இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. உன் கொள்ளுப்பாட்டி நாலு மணிக்கு எழுந்து, லயத்து வீட்டு வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, இருட்டிலேயே பால் பொங்கவைப்பார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போய்விடுவார். சூரியன் அதற்குப் பிறகுதான் வரும். லண்டனில் தை மாதம் விடிய எட்டு மணி ஆகும் என்றாயே, நீயும் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு சின்னச் சட்டியில் பால் வை. பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என்று வாய்விட்டுச் சொல். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதே. காலையில் நீ பொங்கிவிட்டுப் போனால், வகுப்பில் பேசும்போது உன் முகமே பாதியைச் சொல்லிவிடும்.

இனி வகுப்பு. அதற்கு என் பள்ளிக் கதை ஒன்றைச் சொல்கிறேன். 1952இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கினார். பொங்கலை ஒட்டி, தமிழர் எல்லாரும் பிரிவினை பாராமல் ஒன்றுகூட வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த விழா மலாயாத் தோட்டங்களுக்கும் பரவி, எங்கள் பள்ளிக்கும் வந்தது. முதல்நாள் வாத்தியார், "நாளைக்கு ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு வாங்க" என்றார். அந்த வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல்; வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. அம்மாவிடம் கேட்க மனம் வராமல், காய்ந்த பால்மரக் கொம்புகளைக் கட்டித் தூக்கிப் போனேன். வாத்தியார் அரிசி எங்கே என்று கேட்கவில்லை. என் விறகைத்தான் முதலில் அடுப்பில் வைத்தார். பச்சரிசியும் புழுங்கலும் கலந்த அந்தப் பொங்கலில் பாதி குழைந்தது, பாதி நறுக்கென்று கடிபட்டது. ஆனால் பானை பொங்கியபோது அங்கிருந்த ஒவ்வொரு பிள்ளையும் தன் பானை என்றுதான் கத்தியது. நானும் கத்தினேன்.

நாற்பது வருடம் பள்ளியில் வேலை பார்த்தபின்னும் அதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குப் பண்டிகையைக் காட்டாதே, அதில் ஒரு வேலை கொடு.

அங்கே அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், சரி. முதல்நாள் ஒரு பாத்திரத்தை வைத்து, ஒவ்வொருவரும் ஒரு கரண்டி அரிசி போடட்டும். மறுநாள் காலையில் நீ பொங்கிக் கொண்டுபோ. முந்திரி சேர்க்காதே, சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. பெற்றோரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள். அரிசியும் பாலும் சேர்த்து உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேள். வங்காளப் பிள்ளை பாயேஷ் என்பான், ஆப்கானியப் பிள்ளை ஃபிர்னி என்பாள், ஆங்கிலேயப் பிள்ளைக்கு ரைஸ் புட்டிங் தெரியும். பிறகு விளையாட்டுத் திடலில் சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்துக் கோலம் போடுங்கள். எண்ணவும் வரையவும் எல்லாருக்கும் வேலை இருக்கும்.

அந்தத் தமிழ்ப் பிள்ளையை எழுப்பிவிட்டு, "உங்க பண்டிகையைப் பத்திச் சொல்லு" என்று மட்டும் கேட்டுவிடாதே. ஏழு வயதுப் பிள்ளை தமிழர் எல்லாருக்குமாக எப்படிப் பேசும்? கோலத்தின் முதல் புள்ளியை வைக்கச் சொல். அது போதும்.

அதிகம் பேசாத நைஜீரியப் பையன் ஒருவன் இருக்கிறான் என்றாயே, அவனுக்கும் ஒரு சேதி உண்டு. வரைபடத்தில் நம் ஊரைக் காட்டு. 2007இல் பெயர் மாற்றியதால் பெஸ்தாரி ஜெயா என்றிருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனையை இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கு நட்டது இங்கே பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில், 1917இல். அவன் பாட்டன் ஊர் மரம்தான் என் வாசலுக்கு எதிரே காய்த்து நிற்கிறது, அதை நம்பித்தான் இந்தச் சுற்றுவட்டாரமே பிழைக்கிறது என்று தாத்தா சொன்னதாகச் சொல். அறுவடைக்கு நன்றி சொல்லும் நாளில் அவனுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

பொங்கலன்று உனக்குக் காலை ஏழு என்றால் எங்களுக்குப் பிற்பகல் மூன்று. அடுப்புப் பக்கத்தில் போனை வை. பால் பொங்கும்போது இங்கிருந்து பாட்டியும் சேர்ந்து சொல்வாள். சாயங்காலம் மறக்காமல் எழுது: பானையில் யார் யார் என்ன போட்டார்கள்? அரிசி கொண்டுவராத பிள்ளைக்கு என்ன வேலை கொடுத்தாய்?

அன்புடன்,
தாத்தா