பக்க அட்டவணைக்குக் காவல் யார்?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எவரும் பக்க அட்டவணைக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஒரு மெய்நிகர் முகவரி தரப்படும். அதைப் பக்க எண்ணாகவும் பெயர்ச்சியாகவும் பிரித்து, அட்டவணையில் அந்தப் பக்கத்துக்கு நேரே இருக்கும் சட்டக எண்ணை எடுத்துச் சேர்த்தால் பௌதிக முகவரி வந்துவிடும். புள்ளியும் வந்துவிடும். ஆனால் அட்டவணையில் எழுதியிருப்பது சரியானதுதான் என்பதை அந்தக் கணக்கு சொல்லாமலே எம்மை ஏற்க வைக்கிறது. அது மாறிப்போயிருந்தால் என்ன நடக்கும்?

இப்பாடத்தைக் கற்காத தோழிகளுக்காகக் கொஞ்சம் பின்னால் போவோம். கணினியில் ஓடும் ஒவ்வொரு செய்நிரலும் நினைவகம் முழுவதும் தனக்கே உரியது என்று எண்ணிக்கொண்டுதான் ஓடுகிறது. உண்மையில் நினைவகம் பெரும்பாலும் 4096 பைற்றுகள் கொண்ட சட்டகங்களாகப் பிரிக்கப்பட்டுப் பலருக்கும் பங்கிடப்பட்டிருக்கும். எந்தச் செய்நிரலின் எந்தப் பக்கம் எந்தச் சட்டகத்தில் இருக்கிறது என்று பணிசெயல் முறைமை எழுதி வைப்பதே பக்க அட்டவணை. காணிப் பதிவேடு போன்றது. இன்றைய மடிக்கணினிகளில் அதன் ஒரு பதிவு 64 பிற்றுகள் நீளமானது. சட்டக எண்ணோடு, அங்கே எழுத அனுமதி உண்டா, சாதாரண செய்நிரல் அதைத் தொடலாமா என்பவற்றுக்கும் ஒவ்வொரு பிற்று அதில் உண்டு.

உங்கள் பக்கம் 22ஆம் சட்டகத்தில் இருக்கிறது என்று வைப்போம். துவித எண்ணில் அது 10110. நடுவிலுள்ள 1 மட்டும் 0 ஆனால் 10010, அதாவது 18. 18ஆம் சட்டகம் வேறொருவருடையது. ஒரு புகைப்படத்தில் ஒரு பிற்று மாறினால் ஒரு புள்ளியின் நிறம் சற்று மங்கும், கண்ணுக்கும் தெரியாது. அட்டவணையில் மாறினால் அடுத்தவர் வீட்டுக் கதவு திறக்கிறது. முறைவழியாக்கி அதைத் தடுக்கவும் மாட்டாது. அதற்குப் பதிவேட்டில் இருப்பதே சட்டம்.

இத்தனை முக்கியமான அட்டவணைக்குத் தனிப் பெட்டகம் இருக்கும் என்று நினைப்போம். இல்லை. பாட்டும் படமும் இருக்கும் அதே பிரதான நினைவகத்தில்தான் அதுவும் இருக்கிறது.

அந்த நினைவகத்தில் ஒவ்வொரு பிற்றும் ஒரு சிறு கொள்ளளவியில் மின்னேற்றமாகத் தங்குகிறது. ஏற்றம் மெல்ல மெல்லக் கசியும். அதனால் வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை எல்லா நிரைகளும் மீண்டும் நிரப்பப்படுகின்றன. ஒரு நிரையை அந்த இடைவெளிக்குள் மிகப் பல தடவை திறந்து மூடினால் பக்கத்து நிரைகளின் கசிவு விரைவாகிறது. ஒரு வீட்டில் உரலில் மா இடித்தால் அடுத்த வீட்டு அலமாரியில் கோப்பைகள் அதிருமே, அதைப் போல. 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினரும் இன்டெல் ஆய்வாளர்களும் 129 நினைவகத் தொகுதிகளைச் சோதித்தார்கள். 110இல் இப்படிப் பிற்றுகள் புரண்டன. சிலவற்றுக்கு 1,39,000 தடவை வாசித்ததே போதுமாக இருந்தது. வாசித்தது மட்டுமே; அந்தப் பக்கத்து நிரையில் எவரும் எதையும் எழுதவில்லை. இதற்கு ‘ரோஹாமர்’ என்று பெயர், நிரையைச் சம்மட்டியால் அடிப்பது என்ற பொருளில்.

அடுத்த ஆண்டே கூகுளின் புரொஜெக்ட் ஸீரோ குழுவினர் இதைப் பக்க அட்டவணையின் மேல் திருப்பிக் காட்டினார்கள். தாக்கும் செய்நிரல் முதலில் நினைவகத்தைத் தன் பக்க அட்டவணைகளாலேயே நிரப்புகிறது. பிறகு இடிக்கிறது. ஏதாவது ஒரு பதிவின் சட்டக எண் புரண்டால், அது இன்னொரு பக்க அட்டவணை இருக்கும் சட்டகத்தைச் சுட்ட நல்ல வாய்ப்பு உண்டு. சுட்டிவிட்டால், எனக்கு உரிய காணி என்று பதிவேட்டின் ஒரு தாளையே கையில் கொடுத்த மாதிரி. இனி எந்தக் காணியையும் தன் பெயரில் தானே எழுதிக்கொள்ளலாம். 2016இல் அம்ஸ்டர்டாமின் வ்ரைய பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அன்ரொயிட் கைபேசிகளிலும் இதைச் செய்து காட்டினார்கள்.

பாதுகாப்புக்கு முதலில் எல்லோரும் நினைத்தது பிழை திருத்தும் நினைவகத்தை. 64 பிற்றுகளுக்கு 8 பிற்றுகள் மேலதிகமாக வைத்து, ஒன்று புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடிக்கும். மூன்று சேர்ந்து புரண்டால் ஏமாறக்கூடும் என்பதை 2018இல் அதே வ்ரைய பல்கலைக்கழகத்தினர் நிரூபித்தார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. அது தற்செயலான பிழைக்காகச் செய்யப்பட்டது, வேண்டுமென்றே செய்பவருக்காக அல்ல. அதிகம் இடிபடும் நிரையைக் கவனித்து அதன் அயலை உடனே நிரப்பும் ஏற்பாடு பின்னர் நினைவகச் சில்லுகளிலேயே வந்தது. பல நிரைகளை மாற்றி மாற்றி இடித்து 2020இல் அதையும் தாண்டினார்கள்.

2023இல் வெளியான ‘பீட்டீ-கார்ட்’ என்ற முறைதான் எனக்கு மிகப் பிடித்தது. அது இடிப்பதைத் தடுக்கப் போவதில்லை. பதிவேட்டுக்கு முத்திரை வைக்கிறது. பௌதிக முகவரிக்கு 52 பிற்றுகள் வரை இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு டெராபைற்று நினைவகத்துக்கே 40 போதும். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் 12 பிற்றுகள் சும்மா கிடக்கின்றன. நினைவகத்திலிருந்து பதிவுகள் எட்டு எட்டாகவே வரும் என்பதால் மொத்தம் 96 பிற்றுகள். எட்டுப் பதிவுகளையும் ஓர் இரகசியச் சாவியோடு சேர்த்துக் கணித்த முத்திரையை அங்கே எழுதி வைக்கிறார்கள். அட்டவணை நினைவகத்திலிருந்து வரும்போது முத்திரை மீண்டும் கணிக்கப்படும். பொருந்தாவிட்டால் அப்பதிவு பயன்படுத்தப்படாது. பொதியின் ஒட்டிய விளிம்பில் குறுக்காகக் கையொப்பம் இடுவதைப் போன்றது. பொதியைத் திறக்க முடிந்தவருக்கும் கையொப்பத்தைப் போட முடியாது. மேலதிக நினைவகமும் வேண்டியதில்லை, இருந்த வெற்றிடமே பயன்பட்டது.

முத்திரை பொருந்தாதபோது செய்நிரலை நிறுத்துவதுதான் எளிது. ஆனால் கெட்டது ஒரே பிற்று என்றால் அதைத் தேடியும் பிடிக்கலாம். எட்டுப் பதிவுகளில் 512 பிற்றுகள். ஒவ்வொன்றாகப் புரட்டி, முத்திரை எப்போது பொருந்துகிறது என்று பார்த்தால் கூடியது 512 முயற்சிகள். இரண்டு பிற்றுகள் கெட்டிருந்தால் இணைந்த கணிதத்தில் படித்த சேர்மானக் கணக்குத்தான்: 512 × 511 ÷ 2, அதாவது 1,30,816 முயற்சிகள். அதுவரை அந்தச் செய்நிரல் காத்திருக்க வேண்டும்.