குழந்தையின் கண்கொண்டு காணல்

நுழையும்முன்

ஓர் அமைப்பு தவறும்போது, தவறியவர் யார் என்று கேட்பது எளிது. ஏன் தவறினார் என்று கேட்பது அரிது. குழந்தை நலப் பணிகளை மதிப்பிடப் பொறுப்பேற்கும் மீளாய்வாளர் இந்த இரண்டாம் வினாவை விடாது கேட்க வேண்டியவர். இங்கிலாந்தில் நடைபெற்ற இரண்டு ஆய்வுகளின் வழியே அப்பணியின் தன்மையையும் பொறுப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மீளாய்வாளர் என்பவர் யார்?

குழந்தை நலப் பணியில் பலர் ஈடுபடுகின்றனர். இல்லந்தோறும் சென்று பார்க்கும் சமூகப் பணியாளர், மருத்துவர், ஆசிரியர், காவலர் எனப் பலருடைய கைகள் இணைந்தே ஒரு குழந்தையைக் காக்கின்றன. நாள்தோறும் அப்பணியிலேயே மூழ்கியிருப்போருக்கு அதன் குறைகள் பழகிப் போய்விடும். எனவே, அரசு அத்துறையறிந்த ஒருவரை வெளியிலிருந்து அழைத்து, பணிகளை ஆராய்ந்து அறிக்கை தருமாறு வேண்டுகிறது. அவரே மீளாய்வாளர். தண்டனை வழங்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆவணங்களைப் படித்தல், பணியாளரிடமும் குழந்தைகளிடமும் கேட்டறிதல், கண்டதை அஞ்சாமல் எழுதுதல் ஆகியனவே அவர்தம் கடமைகள்.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் மருத்துவ நெறி. மீளாய்வாளருக்கும் அதுவே நெறியாகும்.

யாரும் கேளாத குரல்

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள் விக்டோரியா கிளிம்பியே. நல்ல கல்வி கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் பெற்றோர் அவளை உறவினர் ஒருவருடன் ஐரோப்பாவிற்கு அனுப்பி வைத்தனர். 1999ஆம் ஆண்டு அவள் இலண்டனை அடைந்தாள். அங்கு அவளுக்குக் கிடைத்தது கல்வியன்று, கொடுமையே. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று, தன் எட்டாம் வயதில் அவள் உயிர் நீத்தாள். அவளது உடலில் 128 காயங்கள் காணப்பட்டன.

அவளை ஒருவரும் அறியாதிருக்கவில்லை என்பதே பெருந்துயரம். உள்ளாட்சி மன்றங்களின் சமூகப் பணித் துறைகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறை ஆகியவை அவளை அறிந்திருந்தன. இம்மரணம் குறித்து ஆராய இலேமிங் பிரபு அமர்த்தப்பட்டார். அவர் முன்னர் அந்நாட்டின் சமூகப் பணிகள் ஆய்வகத்திற்குத் தலைமை வகித்தவர். அவரது அறிக்கை 2003ஆம் ஆண்டு சனவரியில் வெளியானது. சிறுமியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்புகள் பன்னிரண்டு முறை தவறவிடப்பட்டதை அது சுட்டியது. அவளுக்கெனப் பொறுப்பளிக்கப்பட்ட சமூகப் பணியாளர் அவளைச் சந்தித்தது நான்கு முறை மட்டுமே. அவளுடன் செலவிட்ட மொத்த நேரம் அரை மணிக்கும் குறைவு. இலேமிங் பிரபு கீழ்நிலைப் பணியாளரை மட்டும் குறைகூறி அமையவில்லை. மேலதிகாரிகளின் பொறுப்பையும் வலியுறுத்தினார். 108 பரிந்துரைகளையும் அளித்தார்.

விதிகள் பெருகிய காலம்

அறிக்கையின் பயனாக 2004ஆம் ஆண்டு புதிய குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. வழிகாட்டு நெறிகள் விரிவடைந்தன. ஒவ்வொரு மதிப்பீட்டையும் இத்தனை நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்னும் கெடு கடுமையானது. கணினிப் படிவங்கள் நிறைந்தன. இவை அனைத்தும் நல்லெண்ணத்தில் எழுந்தவையே.

ஆயினும், 2007ஆம் ஆண்டு அதே இலண்டனில், விக்டோரியா வாழ்ந்த அதே ஹாரிங்கே பகுதியில், பதினேழு மாதக் குழந்தை ஒன்று கொடுமையால் இறந்தது. அக்குழந்தையையும் பணியாளர் பலர் பலமுறை பார்த்திருந்தனர். விதிகள் கூடியும் காப்பு ஏன் கூடவில்லை என்னும் வினா நாடெங்கும் எழுந்தது.

மன்றோவின் மீளாய்வு

2010ஆம் ஆண்டு சூன் மாதத்தில், குழந்தைகள் பாதுகாப்பு முறையை மீளாய்வு செய்யும் பொறுப்பை இங்கிலாந்து அரசு பேராசிரியர் எய்லீன் மன்றோவிடம் ஒப்படைத்தது. இலண்டன் பொருளியல் பள்ளியில் பேராசிரியராக விளங்கிய அவர், முன்னர்ச் சமூகப் பணியாளராகவும் பணியாற்றியவர். களத்தையும் கல்வியையும் ஒருங்கே அறிந்தமையால் அவரது நோக்கு வேறுபட்டது.

அவர் மூன்று கட்டங்களாக அறிக்கை அளித்தார். முந்தைய சீர்திருத்தங்கள் எதிர்பார்த்த பயனைத் தராததற்கான காரணங்களை 2010 அக்டோபரில் வெளிவந்த முதல் அறிக்கை ஆராய்ந்தது. உதவி தேவைப்படும் நிலையிலிருந்து உதவியைப் பெறும் நிலை வரை குழந்தை கடந்து செல்லும் பாதையை 2011 பிப்ரவரி அறிக்கை பின்தொடர்ந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 15 பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கை வெளியானது.

விமான விபத்துகளை ஆராய்வோர் விமானியின் பிழையோடு நின்றுவிடுவதில்லை. அப்பிழைக்கு இடமளித்த பணிச்சூழல், கருவி, பயிற்சி ஆகியவற்றையும் ஆராய்வர். மன்றோ அந்த அணுகுமுறையைக் குழந்தை நலப் பணிக்குக் கொண்டுவந்தார். அதன்வழி அவர் கண்ட உண்மை எளியது; ஆயினும் கசப்பானது. ஒவ்வொரு துயர நிகழ்வுக்குப் பின்னும் விதிகள் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு விதியும் தனித்து நோக்குகையில் நியாயமாகவே தோன்றியது. ஆனால், அவை ஒன்றுதிரண்டபோது பணியாளரைக் குழந்தையிடமிருந்து பிரித்துக் கணினியின் முன் அமர்த்தின.

இதனை ஒரு கற்பனைச் சூழலால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு படிவத்தை மாலைக்குள் முடிக்க வேண்டிய பணியாளர் ஓர் இல்லத்திற்குச் செல்கிறார். தாய் பேசுகிறார், குழந்தை கதவோரம் நின்று பார்க்கிறது. படிவம் கேட்கும் விவரங்கள் கிடைத்துவிடுகின்றன. கதவோரம் நின்ற குழந்தை ஏன் அருகில் வரவில்லை என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை, பணியாளருக்கும் நேரமில்லை. கெடு காக்கப்பட்டது, குழந்தை காக்கப்பட்டதா?

தம் பேச்சுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பதும், தம்மைப் பார்க்க வரும் பணியாளர் அடிக்கடி மாறக்கூடாது என்பதும் குழந்தைகளின் வேண்டுகோள்களாக இருந்தன. எனவே, விதிகளைச் சரியாகப் பின்பற்றினோமா என்பதினும், குழந்தைக்கு உதவி கிடைத்ததா என்பதே முதன்மையான வினா என்று மன்றோ வலியுறுத்தினார். மதிப்பீடுகளுக்கான கடுங்கெடுவை நீக்குதல், முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்தல், தொடக்கத்திலேயே உதவுதல், பட்டறிவு மிக்க பணியாளர் களத்தைவிட்டு விலகாதவாறு பதவிகளை அமைத்தல் ஆகியவை அவர் கூறிய வழிகளுள் சில.

ஏற்றதும் எஞ்சியதும்

அரசு பரிந்துரைகள் பலவற்றை ஏற்றது. 2013ஆம் ஆண்டு குழந்தைகள், குடும்பங்களுக்கான தலைமைச் சமூகப் பணியாளர் அமர்த்தப்பட்டார். ஆயினும், கெடு முற்றிலும் நீங்கவில்லை. மதிப்பீட்டிற்கு 45 பணிநாள்கள் என்னும் மேல் எல்லை அதே ஆண்டில் வகுக்கப்பட்டது. கெடுவே இல்லையெனில் காலந்தாழ்த்தல் நேரும் என்னும் அச்சத்தையும் புறக்கணிக்க இயலாது. விதியும் வேண்டும், விதியின் நோக்கத்தை உணர்ந்து செயற்படும் அறிவும் வேண்டும். எந்த முறையாலும் இடரை முற்றிலும் அகற்ற முடியாது என்பதையும் மன்றோ மறைக்காமல் கூறினார். இனி எக்குழந்தையும் துன்புறாது என்று உறுதியளிப்பது மீளாய்வாளருக்கு எளிது. உண்மையைக் கூறுவதே அறம்.

குழந்தை தன் துயரை எழுத்தால் முறையிடாது. வாக்களித்து ஆட்சியை மாற்றாது. அதன் சார்பில் பார்க்கும் கண்ணாகவும் கேட்கும் செவியாகவும் மீளாய்வாளர் விளங்குகிறார். அரை மணி நேரம் அருகமர்ந்து கேட்க ஒருவர் இருந்திருந்தால் என்னும் ஏக்கம், விக்டோரியாவின் வரலாற்றைப் படிக்கும் எவர் நெஞ்சிலும் எழும். அந்த அரை மணி நேரத்தை அடுத்த குழந்தைக்குப் பெற்றுத் தருவதே மீளாய்வின் பயனாகும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் தங்கியுள்ள இல்லங்களை ஆய்வுக்குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் பார்வையிட வேண்டும் என்கிறது. குழுவில் குறைந்தது மூவர் இடம்பெறுவர். அவர்களுள் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அலுவலராகவும் இருத்தல் வேண்டும். இடருறும் குழந்தைகளுக்கு உதவ 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் செயல்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. மீளாய்வாளரின் கடமைகள் யாவை?
2. விதிகள் பெருகியும் குழந்தைகளின் பாதுகாப்பு பெருகாமைக்கு மன்றோ காட்டும் காரணத்தை விளக்குக.
3. 'கெடு காக்கப்பட்டது, குழந்தை காக்கப்பட்டதா?' – இவ்வினாவை மையமாகக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
4. உங்கள் பள்ளியில் பின்பற்றப்படும் ஏதேனும் ஒரு விதியின் நோக்கம் நிறைவேறுகிறதா என ஆராய்ந்து ஒரு பக்க அறிக்கை எழுதுக.