கனிந்த பீச் பழத்தில் காப்ளர்

நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளில் பேரி, பிளம்ஸ் ஆகியவற்றுடன் பீச் மரங்களும் வளர்க்கப்பட்டு வருகின்றன. பீச் சுவையிலும் மணத்திலும் சிறந்தது. எனினும் பேரியைப் போல் நாள் தாங்கும் பழமன்று. நன்கு கனிந்தபின் பறித்த பழம் மூன்று நான்கு நாட்களுக்குள் குழைந்துவிடும். கூடையில் அடிபட்ட பழத்தை வியாபாரி எடுப்பதில்லை. மரத்திலேயே முற்றும் கனிந்த பழம் மலையிறங்கிச் சந்தை சேருவதற்குள் சாறு விட்டுவிடும். ஆகவே, சுவையின் உச்சத்தில் உள்ள பழமே தோட்டத்தில் வீணாகின்றது.

இவ்வாறு கழிக்கப்படும் பழத்தைப் பயன்படுத்தும் எளிய வழிகளுள் ஒன்று ‘காப்ளர்’ என்னும் சுட்ட இனிப்பாகும். இதனை வீட்டிலேயே, அவன் அடுப்பு இல்லாமலும் செய்யும் முறையையும், அதில் கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

காப்ளர் என்பது யாது?

சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்த பழத் துண்டுகளைப் பாத்திரத்தில் பரப்பி, அவற்றின் மேல் பிசைந்த மாவைக் கரண்டி கரண்டியாக இட்டுச் சுடுவதே காப்ளர். மாவைத் தேய்க்கவோ மடிக்கவோ வேண்டியதில்லை. சுட்டு எடுத்தபின் மேல்பாகம் உருண்டைக் கல் பாவிய தெருவைப் போல் மேடு பள்ளமாகத் தோன்றும். அடியில் பழம் கெட்டியான சாற்றுடன் வெந்திருக்கும்.

இது அமெரிக்காவில் குடியேறிய மக்களிடையே 19-ஆம் நூற்றாண்டில் பரவிய உணவு. அவர்களிடம் அவன் அடுப்பு இல்லாத இடங்களில், கனத்த இரும்புச் சட்டியைத் தணல் மேல் வைத்து, மூடியின் மேலும் தணல் இட்டுச் சுட்டனர். தென்மாநிலங்களில், குறிப்பாக ஜார்ஜியாவில், பீச் விளைச்சல் பெருகியபோது பீச் காப்ளர் ஒவ்வொரு வீட்டிலும் இடம் பெற்றது. அங்கு மார்ஷல்வில் என்னும் ஊரைச் சேர்ந்த சாமுவேல் ரம்ப் என்ற விவசாயி 1870-களில் ‘எல்பர்ட்டா’ என்ற இரகத்தை உருவாக்கினார். தொலைவிலுள்ள நகரங்களுக்கு அனுப்பத் தாங்கும் பழம் என்பதே அதன் பெருமை. தாங்கும் பழம் சந்தைக்கு, தாங்காத பழம் வீட்டுச் சட்டிக்கு என்ற பாகுபாடு நமக்கும் பொருந்தும்.

பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

பழத்தின் சிவப்பு நிறத்தைக் கொண்டு பக்குவத்தை அறிய இயலாது. வெயில் பட்ட பக்கம் காயாக இருக்கும்போதே சிவக்கும். சிவப்பு இல்லாத பகுதியில் பச்சை நிறம் மாறி மஞ்சளாகவோ, வெள்ளை இரகங்களில் பாலேடு நிறமாகவோ ஆகியிருக்க வேண்டும். காம்பின் அருகே மெல்ல அழுத்தினால் சிறிது இளக வேண்டும். பறித்தபின் பீச் மென்மையாகும், மணமும் கூடும். ஆனால் இனிப்பு கூடாது. எனவே, பச்சையாகப் பறித்து வைத்துப் பழுக்கச் செய்த பழம் காப்ளருக்கும் சிறப்பாக அமையாது.

காய்ப்பதத்தில் உள்ள பீச்சைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பல நாட்கள் இருந்தால் சதை சாறிழந்து மாவுபோல் ஆகிவிடும். முதலில் வெளியில் வைத்துப் பழுக்கவிட்டு, பின்னர் இரண்டொரு நாள் மட்டும் குளிரில் வைக்கலாம்.

அடிபட்டு நிறம் மாறிய பகுதியை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்தலாம். ஆனால் பூசணம் பிடித்த பழத்தை முழுவதுமாகவே கழித்துவிட வேண்டும். மென்மையான பழத்தில் பூசணம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். பழ ஈயின் புழு உள்ளதா என்று ஒவ்வொரு பழத்தையும் பிளந்து பார்த்தே சேர்க்க வேண்டும். புழு உள்ள பழங்களைத் தோட்டத்திலேயே எறிந்துவிடாமல் ஆழமாகப் புதைத்தால் அடுத்த தலைமுறை ஈக்கள் பெருகுவது குறையும்.

தேவையான பொருட்கள் (8 பேருக்கு)

பழப் பகுதிக்கு:
கனிந்த பீச் – 1 கிலோ
சர்க்கரை – 150 கிராம் (பழம் மிக இனிப்பாயின் 100 கிராம்)
எலுமிச்சைச் சாறு – 1 மேசைக்கரண்டி
கார்ன்பிளவர் மாவு – 1½ மேசைக்கரண்டி
பட்டைத் தூள் அல்லது ஜாதிக்காய்த் தூள் – ஒரு சிட்டிகை
உப்பு – ஒரு சிட்டிகை

மேல் மாவிற்கு:
மைதா – 200 கிராம்
சர்க்கரை – 50 கிராம்
பேக்கிங் பவுடர் – 1½ தேக்கரண்டி (சமவெளியில் 2 தேக்கரண்டி)
உப்பு – ¼ தேக்கரண்டி
குளிர்ந்த வெண்ணெய் – 80 கிராம்
பால் – 130 மில்லி முதல் 150 மில்லி வரை

மைதாவில் பாதியைக் குறைத்துக் கோதுமை மாவு சேர்க்கலாம். அப்போது பால் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். சர்க்கரைக்குப் பதிலாகப் பழப் பகுதியில் நாட்டுச் சர்க்கரையும் இடலாம். நிறம் சற்றுக் கருக்கும், சுவை குறையாது.

மலைக்கு ஏற்ற மாற்றங்கள்

சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகளை மலையில் அப்படியே பின்பற்றினால் பலன் மாறும். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் குறைவு. ஆகவே மாவினுள் உண்டாகும் வாயு அதிகமாக விரியும். பேக்கிங் பவுடர் கூடினால் மாவு விரைந்து எழும்பிப் பின் அமுங்கிவிடும். இதனாலேயே மேலே அளவு குறைத்துக் கூறப்பட்டுள்ளது. ஈரமும் விரைவில் ஆவியாவதால் பாலைச் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீரும் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறக்குறைய 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே, கொதிநீரில் செய்யும் வேலைகளுக்கு நேரம் கூடுதலாகத் தேவை.

செய்முறை

1. தோல் நீக்குதல்: பழத்தின் அடியில் கத்தியால் சிலுவைபோல் இலேசாகக் கீறிக்கொள்ளவும். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போடவும். தோல் கையோடு உரிந்து வரும். வராவிடில் இன்னும் அரை நிமிடம் அமிழ்த்தலாம்.

2. நறுக்குதல்: பழத்தை இரண்டாகப் பிளந்து கொட்டையை நீக்கி, ஒவ்வொரு பாதியையும் நான்கு துண்டுகளாக்கவும். சில இரகங்களில் சதை கொட்டையோடு ஒட்டியிருக்கும்; அவற்றைக் கொட்டையைச் சுற்றிச் சீவி எடுக்க வேண்டும். நறுக்கிய துண்டுகள் காற்றுப் பட்டால் பழுப்பாகும். ஆதலால் நறுக்க நறுக்க எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிட வேண்டும்.

3. பழத்தைத் தயாரித்தல்: துண்டுகளுடன் சர்க்கரை, உப்பு, வாசனைத் தூள் சேர்த்து அரை மணி நேரம் வைத்தால் சாறு விடும். அதன்பின் கார்ன்பிளவர் மாவைக் கட்டியின்றிக் கலந்து, இரண்டு அங்குல ஆழமுள்ள எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தில் பரப்பவும்.

4. பழத்தை முதலில் சூடாக்குதல்: பாத்திரத்தை 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள அவனில் 10 முதல் 15 நிமிடம் வைக்கவும். இப்படியைத் தவிர்க்கக் கூடாது. குளிர்ந்த பழத்தின் மேல் மாவை இட்டால், மேலே சிவந்த பின்னும் மாவின் அடிப்பாகம் வேகாமல் பசைபோல் நிற்கும். காப்ளர் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

5. மாவைப் பிசைதல்: பழம் சூடாகும் வேளையில் மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், உப்பு ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளவும். குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, விரல் நுனிகளால் மாவில் உதிர்க்கவும். புட்டு மாவு போல் ஆனதும் பாலை ஊற்றி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று மட்டும் கிளறவும். சப்பாத்தி மாவைப்போல் அழுத்திப் பிசைந்தால் காப்ளர் இறுகிவிடும். மாவு ஒட்டும் பதத்தில் திரளாக இருப்பதே சரி.

6. சுடுதல்: சூடான பழத்தின் மேல் மாவைக் கரண்டியால் எடுத்து இடைவெளி விட்டு இடவும். முழுவதும் மூடிவிடக் கூடாது. ஆவி வெளியேற வழி வேண்டும். பின்னர் 30 முதல் 35 நிமிடம் சுடவும். மேற்பாகம் பொன்னிறமாகி, ஓரங்களில் சாறு கெட்டியாகக் கொப்பளிக்க வேண்டும். நடுவிலுள்ள மாவில் மெல்லிய குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக் கூடாது.

7. ஆறவிடுதல்: அரை மணி நேரம் ஆறினால்தான் சாறு இறுகும். அதன்பின் பரிமாறலாம்.

அவன் அடுப்பு இல்லாதவர்கள்

கனத்த அடியுள்ள இரும்புச் சட்டியின் அடியில் மூன்று சிறு கற்களையோ இரும்பு வளையத்தையோ வைத்து, மூடியிட்டுப் பத்து நிமிடம் சூடேற்றவும். பழமுள்ள பாத்திரத்தை அதனுள் வைக்கவும். பழத்தை நேரடியாக இரும்புச் சட்டியில் இட்டால், அதன் புளிப்பினால் நிறம் கறுத்து இரும்பு வாடை ஏறும். தட்டையான கனத்த மூடியால் மூடி, தணலை மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கை அடியிலும் இரண்டு பங்கை மூடியின் மேலும் இடவும். அடியில் தணல் மிகுந்தால் பழம் கருகும்; மாவு மேலே சிவக்காது. முதலில் பழத்தை மட்டும் சூடேற்றி, பின்னர் மாவை இட்டு, 40 நிமிடம் கழித்துத் திறந்து பார்க்கலாம். அடிக்கடி திறந்தால் வெப்பம் போய்விடும்.

தணல் வைத்துச் சுடும் வேலையைத் திறந்த வெளியிலோ நல்ல காற்றோட்டமுள்ள கூரையின் கீழோதான் செய்ய வேண்டும். குளிருக்காகக் கதவு, சன்னல்களை அடைத்துக்கொண்டு கரி அடுப்பை உள்ளே வைத்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு சேர்ந்து உயிரையே போக்கிவிடும். சுட்டு முடித்த தணலைப் படுக்கையறைக்கு எடுத்துச் செல்வதும் இதே அளவு ஆபத்தானது.

கொட்டைப் பருப்பு கூடாது

பீச் கொட்டையை உடைத்தால் உள்ளே பாதாம் போன்ற பருப்பு இருக்கும். மணமும் பாதாமை ஒத்திருக்கும். இதிலுள்ள அமிக்டலின் என்னும் பொருள் வயிற்றில் சயனைடு நஞ்சை வெளிவிடும். குழந்தைகள் சில பருப்புகளைத் தின்றாலும் தீங்கு நேரலாம். எனவே கொட்டைகளைக் குழந்தைகளின் கையில் விடாமல் அன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும். பருப்பை அரைத்து எந்த உணவிலும் சேர்க்கக் கூடாது.

பருவம் கடந்தும் பழம்

ஒரே வாரத்தில் மிகுதியாகப் பழம் கனிந்தால் புட்டிகளில் அடைத்து வைக்கலாம். இதற்கு மஞ்சள் சதையுள்ள இரகங்களே ஏற்றவை. வெள்ளைச் சதையுள்ள இரகங்கள் சிலவற்றில் புளிப்புத் தன்மை போதாது. அவற்றில் நச்சு உண்டாக்கும் கிருமிகள் வளர இடமுண்டு. ஆதலால் வெள்ளை இரகங்களை உடனே உண்ணவும், காப்ளருக்கும் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, தோல் நீக்கிப் பிளந்த பழங்களை அதில் இட்டு மீண்டும் ஒரு கொதி விடவும். கொதிநீரில் சுத்தம் செய்த அரை லிட்டர் கண்ணாடிப் புட்டிகளில் சூடாக நிரப்பி, வாயருகே அரை அங்குலம் இடம் விட்டு மூடவும். புட்டிகளின் மேல் ஓர் அங்குலம் நீர் நிற்குமாறு மூழ்கவைத்துக் கொதிக்கவிட வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் 20 நிமிடம் போதும். 1,800 மீட்டருக்கு மேல் உள்ள குன்னூர், உதகமண்டலம், கொடைக்கானல் பகுதிகளில் 35 நிமிடம் கொதிக்க வேண்டும். பின்னர் திறக்கும்போது மூடி உப்பியிருந்தாலோ, சாறு பீறிட்டாலோ, கெட்ட வாடை வீசினாலோ சுவைத்துப் பாராமலே கொட்டிவிட வேண்டும். நல்ல நிலையிலுள்ள புட்டிப் பழத்தைச் சாறு வடித்துவிட்டு, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக் காப்ளர் செய்யலாம்.

விற்பனை செய்ய விரும்புவோர்

காப்ளரைச் செய்த அன்றே உண்பது நன்று. குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாட்கள் வைக்கலாம். மேல் மாவின் மொறுமொறுப்பு மட்டும் குறையும். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க நினைப்போர், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்ட பின்பே தொடங்க வேண்டும். முதலில் வீட்டில் இரண்டு மூன்று முறை செய்து, தம் அடுப்பின் போக்கையும் தம் மரத்துப் பழத்தின் இனிப்பையும் அறிந்துகொள்வது நலம்.

பீச் விளைச்சல் ஆண்டுதோறும் ஒரே சீராக இருப்பதில்லை. பீச் மரம் நன்கு பூக்கக் குளிர்காலத்தில் போதிய குளிர் தேவை. 2023-ஆம் ஆண்டில் குளிர்காலம் வெதுவெதுப்பாகக் கழிந்ததாலும், பின்னர் பனி உறைந்ததாலும் ஜார்ஜியா மாநிலத்தில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் பீச் விளைச்சல் அழிந்தது. பீச்சுக்குப் பெயர் பெற்ற நாட்டிலேயே இந்நிலை என்றால், சில மரங்களே வைத்துள்ள சிறு விவசாயி, காய்த்த ஆண்டில் கிடைக்கும் பழத்தில் ஒன்றையும் வீணாக்க இயலாது. கெட்டியான பழத்தைத் தரம் பிரித்துச் சந்தைக்கு அனுப்புங்கள். கனிந்த மஞ்சள் பழத்தைப் புட்டியில் அடையுங்கள். அடிபட்டதையும் குழைந்ததையும் அன்று மாலையே காப்ளராகச் சுட்டுவிடுங்கள். மரத்தடியில் அழுக விடுவதற்கு எதுவும் மிஞ்சக் கூடாது.