காய்கனிகளும் மனத்தின் உற்சாகமும்

உழவு மாடு ஒன்று நுகத்தடியில் சோர்ந்து நின்றால், குடியானவர் முதலில் அதன் தீவனத்தைப் பற்றியே விசாரிக்கிறார். வெறும் வைக்கோலையே தின்று வந்ததா, பசும்புல் கிடைத்ததா, பிண்ணாக்கும் தண்ணீரும் வேளைக்கு வைக்கப்பட்டனவா என்று அறிந்த பின்னரே மற்றக் காரணங்களைத் தேடுகிறார். ஆனால் அதே வீட்டில் மனிதர் ஒருவர் சோர்ந்திருந்தால் இவ்விசாரணை நடப்பதில்லை. மனைவி சிடுசிடுத்தால் குணம் கெட்டது என்கிறோம். பையன் பாடத்தில் மனம் செலுத்தாவிட்டால் சோம்பேறி என்கிறோம். நாமே எதிலும் பிடிப்பின்றி உட்கார்ந்திருந்தால் காலம் சரியில்லை என்கிறோம். உண்கலத்தில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அக்கேள்வியைச் சங்க அங்கத்தினர்களின் முன் வைப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பழைய அநுபவம்

ஆகாரத்தில் காய்கனிகள் அறவே இல்லாதபோது நேரிடும் கேட்டை உலகம் கப்பலோட்டிகளிடமிருந்து கற்றுக்கொண்டது. உப்பிட்ட மாமிசத்தையும் உலர்ந்த ரொட்டியையும் மாதக் கணக்கில் உண்டு கடலிற் சென்ற மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்னும் நோய் கண்டது. ஈறு வீங்கி இரத்தம் கசிவதற்கு முன்னரே அவர்களிடம் தோன்றிய அடையாளம், காரணம் தெரியாத சோர்வும் வேலையில் வெறுப்புமேயாகும். 1747-ம் வருஷம் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பற்படை வைத்தியர் இந்நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு பரிகாரம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே எல்லோரிலும் விரைவாகத் தேறினர். அவர்களில் ஒருவர் ஆறே நாட்களில் வேலைக்குத் தகுதியுள்ளவரானார். அப்பழங்களில் இருந்த பொருள் ஜீவசத்து 'ஸி' என்பது 1930-க்குப் பின்னரே தெளிவாயிற்று.

நம் மாகாணத்திலும் இவ்வாராய்ச்சிக்கு ஒரு பெருமை உண்டு. 1918-ம் வருஷம் குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் சிறு அளவில் தொடங்கிய ஆகார ஆராய்ச்சியே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அண்மைக் காலச் சோதனைகள்

நிற்க. நோயில்லாதவர்க்கும் காய்கனிகளால் மனத்திற்கு நன்மை உண்டா என்று நியூஸிலாந்து நாட்டின் ஒடாகோ சர்வகலாசாலையார் ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டனர். 18 முதல் 25 வயது வரையுள்ள 171 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். முதற் பிரிவினர் வழக்கம்போல் உண்டனர். இரண்டாம் பிரிவினருக்குக் காய்கனிகளை உண்ணும்படி நினைவூட்டுச் செய்திகளும், அவற்றை வாங்கச் சீட்டும் அனுப்பப்பட்டன. மூன்றாம் பிரிவினருக்குக் காரட்டும் பழங்களுமாக நாளொன்றுக்கு இரண்டு பங்கு அதிகமாகக் கையிலேயே கொடுக்கப்பட்டது. 14 நாட்கள் கழிந்தபின் மூன்றாம் பிரிவினருக்கு மட்டுமே சுறுசுறுப்பும் காரியத்தில் ஊக்கமும் விருத்தியாயின. ஆயினும் மனவாட்டத்திலும் கவலையிலும் அவர்களுக்கு மாறுதல் காணப்படவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

மனச்சோர்வுற்ற 67 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த மற்றொரு சோதனையின் முடிவும் 2017-லேயே வெளியாயிற்று. ஒரு சாராருக்கு 12 வாரம் ஆகாரத்தைத் திருத்திக்கொள்ளும் முறை போதிக்கப்பட்டது; மற்றவர்களுக்கு அன்பான உரையாடல் மட்டும் அளிக்கப்பட்டது. முன்னவரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரும், பின்னவரில் நூற்றுக்கு எட்டுப் பேரும் சோர்வு நீங்கப் பெற்றனர். இங்கே காய்கனிகளோடு பருப்பு, முழுத்தானியம், மீன் முதலியனவும் சேர்க்கப்பட்டுத் தித்திப்பும் பொரித்த பண்டங்களும் குறைக்கப்பட்டன என்பதையும், அவர்களிற் பெரும்பாலோர் வேறு சிகிச்சையும் பெற்று வந்தனர் என்பதையும் கருதவேண்டும்.

காரணம் யாது?

நம் கிராமங்களில் முதலிற் கவனிக்கத் தக்கது இரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இது இருந்தது. இரத்தம் குறைந்த தேகத்திற்கு மூச்சு வாங்கும், தலை கிறுகிறுக்கும், சிறு வேலையும் மலையாகத் தோன்றும். இத்தகையவரைச் சிடுசிடுப்பவர் என்று குறை கூறுவது அநியாயம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. நெல்லி, கொய்யா, எலுமிச்சை இவற்றின் ஜீவசத்து 'ஸி' உடன் சேர்ந்தால் அதிகமாக ஏற்கிறது. உணவோடு தேநீர் பருகினால் அது தடைப்படுகிறது.

மேலும், கீரைகளிலுள்ள ஃபோலிக் அமிலம் இரத்தம் ஊறுவதற்கும் மூளையின் வேலைக்கும் வேண்டியதாகும். காய்கனிகளின் நார்ச்சத்து குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவற்றிற்கும் மூளைக்கும் உள்ள சம்பந்தம் இப்போது ஆராயப்பட்டு வருகிறது.

எவ்வளவு, எவ்விதம்?

வயது வந்தோர் நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாமல் காய்கனிகள் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. கிழங்கு இக்கணக்கிற் சேராது. சாதத்தின் ஓரத்தில் வைக்கும் ஒரு கரண்டிக் கறி இதற்குப் போதாது. காய்களை அலம்பிய பின் அரிய வேண்டும். அரிந்த பின் அலம்பினால் சத்து நீரோடு போய்விடும். வேகவைத்த நீரைக் கொட்டாமல் குழம்பிற் சேர்க்கவேண்டும். எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழிய வேண்டும். நீரிழிவு, சிறுநீரக வியாதி உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுப் பழவகைகளைத் தேர்ந்துகொள்க.

ஓர் எச்சரிக்கை

கடனும் துக்கமும் கொய்யாப் பழத்தால் தீரும் என்று நாம் கூறவில்லை. இரண்டு வாரத்திற்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்வில் வெறுப்புத் தோன்றினால் அது வைத்தியரிடம் காட்டவேண்டிய நோய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2022-ல் இந்திய அரசாங்கம் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணில் செலவின்றி யோசனை பெறலாம்.

சங்கம் செய்யத் தக்கது

விளையும் கத்தரியும் வெண்டையும் விடியுமுன் சந்தைக்கு வண்டியேறுகின்றன; திரும்பும்போது குழந்தைக்கு மிட்டாய்ப் பொட்டலம் வருகிறது. எஞ்சிய சொத்தைக் காய் குழம்பிற் போகிறது. வீட்டுப் பெண்மணி கடைசியில் உட்காரும்போது கறிச் சட்டி காலியாயிருக்கிறது. பயிரிடுபவர் குடும்பமே பயிரின் பலனை அறியாதிருப்பது எவ்வளவு பரிதாபம்!

நியூஸிலாந்துச் சோதனையில் நினைவூட்டுதலும் சீட்டும் பலன் தரவில்லை. கையில் கொடுத்ததே பலித்தது. ஒரு சோதனையைக் கொண்டு பொது விதி வகுத்தல் ஆகாது எனினும், நமக்கு அதில் ஒரு குறிப்பு உண்டு. ஆகவே சங்கம் உபதேசத்தோடு நில்லாமல், அங்கத்தினருக்குக் கீரை விதைகளையும் பப்பாளி, முருங்கைக் கன்றுகளையும் வாங்கி வழங்கலாம். கிணற்றடி நீர் பாயும் சிறு பாத்தியில் சிறுகீரை ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். சந்தைக்கு ஏற்றுமுன் நல்ல காயில் ஒரு பங்கை வீட்டிற்கென்று எடுத்து வைப்பதை ஒவ்வொருவரும் ஒழுங்காகக் கொள்ளவேண்டும்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை

1. நேற்று நம் வீட்டில் ஒவ்வொருவரும் எத்தனை கைப்பிடி காய்கனி உண்டனர்? கடைசியில் உண்டவருக்கு எவ்வளவு கிடைத்தது?

2. நம் ஊரில் வருஷம் முழுவதும் மலிவாகக் கிடைக்கும் கீரைகளும் பழங்களும் எவை?

3. சங்கத்தின் பொறுப்பில் விதையும் கன்றும் வழங்க எந்த மாதம் ஏற்றது?

மாட்டின் தீவனத்தை விசாரிக்கும் அக்கறையில் பாதியை மனைவி மக்களின் உண்கலத்தின்மீது செலுத்துவோமாயின், வீட்டில் உற்சாகம் நிலவுவதற்கு நாம் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தவர்களாவோம்.