மோட்டார் எஞ்சினும் துருத்தியும்

கொல்லனுலையில் துருத்தி ஊதுங்கால் கரி கனன்றெரிவதைக் காணாதார் இலர். அங்குக் கூடியது கரியன்று, காற்றே. இவ்வெளிய உண்மையே டர்போ என்னும் கருவிக்கும் அடிப்படையாம். இலத்தீன் மொழியில் டர்போ என்பது சுழற்காற்றையும் பம்பரத்தையும் குறிக்கும் சொல்லாகும். பெயரும் தொழிலும் இங்ஙனம் பொருந்தி நிற்றல் மொழி பயிலும் எமக்கு உவகை தருவதாயிற்று. டர்போ இல்லாத காருக்கு அதனைப் பூட்டுதல் எங்ஙனம், அதனால் விளையும் இடர் யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சாதாரண பெட்ரோல் எஞ்சின், பிஸ்டன் கீழிறங்குங்கால் வெளிக்காற்றைத் தானே உள்ளிழுக்கின்றது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே, காற்றை மிகுத்தாலன்றி எரிபொருளை மிகுத்துப் பயனில்லை. வீணே கழியும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போவின் தொழில். சுவிட்ஸர்லாந்து தேசத்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி என்பார் 1905ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆயின், அமுக்கிய காற்றுச் சூடேறும். எஞ்சினுக்குள் அது மீண்டும் அமுக்கப்படவே, பிளக்கிற் பிறந்த சுடர் பரவி முடியுமுன் எஞ்சிய கலவை தானே வெடித்தெரிதலும் உண்டு. இதனை 'நாக்கிங்' என்பர். இது நீடிப்பின் பிஸ்டன் சிதையும்.

இவ்விடரை நீக்க இருவேறு வழிகள் 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரே காலத்திற் கையாளப்பட்டன. ஷெவர்லே கோர்வேர் மான்ஸா ஸ்பைடர் என்னும் காரில் அமுக்க விகிதத்தை 8:1 ஆகக் குறைத்து, எஞ்சினின் உள்ளுறுப்புக்களையும் வலுப்படுத்தினர். அதன் திறன் 150 குதிரைசக்தி ஆயிற்று. ஓல்ட்ஸ்மோபில் ஜெட்பயர் என்னும் காரிலோ 10.25:1 என்னும் உயர்ந்த விகிதத்தைக் குறையாது வைத்து, நீரும் மெதில் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் கலவையைக் குளிர்வித்தனர். 215 கன அங்குல எஞ்சின் 215 குதிரைசக்தி தந்தது. அத்திரவம் தீருந்தோறும் நிரப்புதல் வேண்டும். உடையோர் பலர் அதனை மறந்தனர். முடிவில், 1965ஆம் ஆண்டில் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் அமைத்துத்தரக் கம்பெனியே முன்வந்தது. அறிவிற் சிறந்த அமைப்பும் நாட்கடமை தவறியவிடத்துப் பயனற்றுப்போதலை இதனால் அறிகின்றோம்.

ஆதலின், பழைய எஞ்சினுக்கு டர்போ பூட்ட விழைவார் முதற்கண் அவ்வெஞ்சின் தேய்வற்றதா என ஆராய்க. அமுக்க விகிதம் மிகுதியாயின் அதனைக் குறைத்தல் வேண்டும். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், மிகு காற்றுக்கேற்ப எரிபொருள் தரும் அமைப்பும், அழுத்தம் எல்லை கடவாமற் காக்கும் வேஸ்ட்கேட்டும் இன்றியமையாதன. நிமிடத்திற்கு இலட்சத்திற்கு மேற்பட்ட சுற்றுச் சுழலவல்ல அச்சாதலின், தூய எண்ணெய் அதற்கு இடையறாது செல்லவேண்டும். கிளட்சு, ரேடியேட்டர், பிரேக்கு ஆகியனவும் புதிய வேகத்தைத் தாங்குவனவாதல் வேண்டும்.

துருத்தியை மட்டும் பெருக்கி உலையைப் பழையபடி விடுவோன் உலையையும் இழப்பான். வலிமையை விரும்பும் மாணவ நண்பர்காள், அதனைத் தாங்கும் உறுதியை முன்னர்த் தேடுவோமாக.