டாட்மார்டன்: பறித்துக்கொள்ளச் சொல்லும் ஊர்

மான்செஸ்டரிலோ லீட்ஸிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா? லண்டனும் லிவர்பூலும் பார்த்து முடித்து, ஒரு பகல் மிச்சமிருந்தால் டாட்மார்டனுக்குப் போய் வாருங்கள். மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்திலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். லீட்ஸ் போகும் எல்லா ரயிலும் அந்த ஊர் வழியாகப் போவதில்லை. ஹட்டர்ஸ்ஃபீல்டு வழி ரயிலை விட்டுவிட்டு, கால்டர் பள்ளத்தாக்கு வழியாகப் போவதில் ஏறுங்கள்.

பென்னைன் குன்றுகளுக்கு நடுவே சுமார் 15,000 பேர் வாழும் சிறிய ஊர். பருத்தி ஆலைகளால் வளர்ந்தது, ஆலைகள் மூடியதும் களையிழந்தது. 2008இல் பாம் வார்ஹர்ஸ்ட், மேரி கிளியர் என்ற இரு பெண்கள் இங்கே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். வயது, வருமானம், மதம் எதையும் பாராமல் எல்லாரையும் சேர்க்கக்கூடியது சாப்பாடு ஒன்றுதான், அதை வைத்தே ஊரைத் தூக்கி நிறுத்தலாம் என்பது அவர்கள் கணக்கு. மானியத்துக்கு மனுப் போடவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த தெருவோர மண்ணில் அனுமதி கேட்காமலே நட்டார்கள். பாம் முன்பு அந்தப் பகுதி உள்ளாட்சி மன்றத்துக்கே தலைமை வகித்தவர். கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்ததால்தான் காத்திருக்கவில்லை போலும்! 'இன்கிரெடிபிள் எடிபிள்' என்ற அந்த இயக்கத்தைப் பின்பற்றி இன்று பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. பிரான்சில் இன்னும் அதிகம்.

நடை ரயில் நிலையத்திலேயே தொடங்கிவிடும். ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் கிள்ளிக்கொள்ளட்டும் என்று ரோஸ்மேரி, புதினா போன்ற வாசனைச் செடிகளை அங்கே நட்டார்கள். சரிவில் இறங்கி ஊருக்குள் வந்தால் தெருமுனை, கால்வாய்க் கரை என்று எங்கே மண் கிடைத்ததோ அங்கே பாத்தி. சுகாதார மையத்தைச் சுற்றி முன்பு முள்செடிகள்தான் இருந்தன. அவற்றைப் பிடுங்கிவிட்டுப் பழமரங்களும் மூலிகைகளும் வைத்தார்கள். காவல் நிலைய வாசலில் மக்காச்சோளம் நின்ற படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம், உலகம் சுற்றிய படம் அது. இந்த இடங்களைக் கோத்து ஊருக்குள் ஒரு பசுமைப் பாதை இருக்கிறது. நிதானமாக நடந்தாலும் இரண்டு மணி நேரம் போதும்.

எதைப் பறிக்கலாம்? எதை வேண்டுமானாலும். பறித்துக்கொள்ளச் சொல்லிப் பலகையே இருக்கும். அதற்காகப் பையை நிரப்பாதீர்கள், ஒரு கைப்பிடி போதும். தரையோரம் விளைந்ததைக் கழுவாமல் வாயில் போட வேண்டாம், அந்த ஊரிலும் நாய்கள் உண்டு. முக்கியமான எச்சரிக்கை ஒன்று: சிவந்த தண்டும் அகன்ற இலையுமாக நிற்கும் ருபார்பைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்களுக்குக் கீரை நினைப்பு வரும். தண்டை மட்டுமே சமைப்பார்கள். இலை நஞ்சு.

பெரிய பண்ணையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாத்திகள் சின்னவை. சில களை மண்டிக் கிடக்கும். இந்த விளைச்சலால் ஊர் பசியாறாது, அது அவர்களுக்கும் தெரியும். இவற்றுக்கு அவர்களே வைத்த பெயர் பிரசாரத் தோட்டம். வழிப்போக்கர் ஒருவர் நின்று இது என்ன செடி என்று கேட்க வேண்டும், அந்தப் பேச்சு இந்த முட்டை எங்கிருந்து வந்தது, இந்தப் பாலாடைக்கட்டி யார் செய்தது என்று சந்தைவரை போக வேண்டும். ஊரில் யார் யார் வீட்டுக் கோழி முட்டை விற்கிறார்கள் என்று வரைபடமே போட்டார்கள். பள்ளிக்கூடத்தையும் சும்மா விடவில்லை, பயிர் வளர்ப்பை அங்கேயும் கொண்டுபோனார்கள்.

அதனால் பாத்திகளைப் படமெடுத்ததோடு திரும்பிவிடாமல் சந்தைக் கட்டடத்துக்குள் நுழையுங்கள். 1879இல் கட்டியது. சுற்றுவட்டாரத்தில் விளைந்தது எது என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, கேட்டால் பேசுகிறவர்கள். பக்கத்திலேயே 1875இல் திறந்த நகர மண்டபம். யார்க்‌ஷயருக்கும் லங்காஷயருக்கும் இடையிலான பழைய எல்லைக்கோடு அந்தக் கட்டடத்தின் குறுக்கே ஓடியதாம்! எல்லையை 1888இல் மாற்றிவிட்டார்கள்.

மே முதல் செப்டம்பர்வரை போவது நல்லது. குளிர்காலத்தில் பரட்டைக்கீரை மாதிரியான சிலதான் நிற்கும். வெயில் அடித்தாலும் குடையை விடாதீர்கள், பள்ளத்தாக்கில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. சந்தை திறக்கும் நாளைப் பிள்ளைகளிடம் சொல்லி முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர்கள் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பாத்தி வேலை செய்வார்கள், வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொள்ளலாம். தேதி ஒத்துவந்தால் அன்றைக்கே போங்கள். அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற செருப்போடு போங்கள்.