வீட்டுத் தொட்டியில் நீர்க்கீரை

நம் அறக்கட்டளை அலுவலகத்தின் பின்புறம் சிமெண்டுத் தொட்டியில் வள்ளைக்கீரை படர்ந்திருப்பதைப் பார்த்த சகோதரிகள் பலர், எப்படி வளர்ப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுதலாம் என்று நாளைக் கடத்திக்கொண்டே வந்தேன். சென்ற மாதம் ஒரு சிறுவன் ஏரிக்கரையிலிருந்து ஒரு கட்டுத் தழையைக் கொண்டுவந்து, "மாமா, இதுதானே நீங்கள் சொன்ன கீரை? அம்மா சமைக்கக் கேட்டார்கள்" என்று நீட்டினான். அது வள்ளை அல்ல, நெய்வேலிக் காட்டாமணக்கு. அதன் பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இலையும் பூவும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆனால் காட்டாமணக்கு நஞ்சு. தொடர்ந்து அதைத் தின்ற ஆடுகளுக்கு நரம்பு கெட்டு நடை தடுமாறும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் வாய்க்கால் கரைகளை எல்லாம் அடைத்துக்கொண்ட செடி அது. தண்டு உள்ளே குழலாக இருந்தால் வள்ளை என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்ப வேண்டாம், காட்டாமணக்கின் தண்டும் குழல்தான். வள்ளை சேற்றிலும் தண்ணீர் மேலும் படர்ந்து போகும். தண்டு இளசாக, ஒடித்தால் நறுக்கென்று உடையும். கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். காட்டாமணக்கோ புதராக, ஆள் உயரத்துக்கு மேலும் நிமிர்ந்து நிற்கும், அடித்தண்டு கட்டையாக இருக்கும். சந்தேகம் வந்தால் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். கேட்காமல் சட்டியில் போடாதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இந்தக் கீரை காங்கோங் என்ற பெயரில் பழக்கம். அங்கே கடைத்தெருவில் பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கித் தருகிறார்கள். இலங்கையில் கங்குன் என்பார்கள். நம் பக்கம் வயலோரத்தில் தானாகக் கிடந்ததால் யாரும் அதை மதிக்கவில்லை. என் நன்னிமா சென்னாக்கூனி போட்டு இதைப் பொரித்து வைப்பார்கள். அந்த மணத்துக்கே இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

வளர்ப்பது எளிது. ஒன்றரை அடி ஆழமுள்ள தொட்டியோ பழைய பிளாஸ்டிக் டப்போ போதும். அடியில் அரை அடி களிமண் போட்டு, நன்றாக மக்கிய ஆட்டெருவை அதிலேயே கலந்துவிடுங்கள். நம் வீடுகளில் ஆட்டெருவுக்கு என்ன பஞ்சம்! பச்சை எருவானால் தண்ணீர் நாறும். மூன்று நான்கு கணு உள்ள ஒரு சாண் தண்டை இரண்டு கணு சேற்றுக்குள் போகும்படி நட்டு, மேலே நான்கு விரல் தண்ணீர் நிறுத்துங்கள். சில நாளில் வேர் பிடிக்கும். ஒரு மாதத்தில் அறுக்கலாம். அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். வெயில் நன்றாகப் படவேண்டும்.

தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒளு செய்யும் தண்ணீரைக் குழாய் வைத்துத் தொட்டிக்குத் திருப்பலாம். அந்தத் தண்ணீரால் மறுபடி ஒளு செய்ய முடியாதே தவிர அது அசுத்தமானது அல்ல, செடிக்கு ஊற்றத் தடையில்லை. சோப்பு நுரை கலந்த தண்ணீரை மட்டும் விடாதீர்கள்.

இனி நான் செய்த தவறு. முதல் தொட்டியை வைத்தபோது கீரை மட்டும் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். பத்து நாள் கழித்து என் மனைவி ஒரு குவளையில் தண்ணீரை மொண்டு வந்து, "செயலாளரே, ஊருக்கு டெங்கு நோட்டீஸ் அச்சடிக்கிறீர்கள், இதைப் பாருங்கள்" என்று காட்டினார். குவளை முழுவதும் புழு நெளிந்தது. டெங்குக் கொசு சாக்கடையில் அல்ல, இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அன்றைக்கே நான்கு கப்பி மீன்களை வாங்கி விட்டேன். மீன் இல்லாத தொட்டி வேண்டவே வேண்டாம். தவழும், நடை பழகும் குழந்தை உள்ள வீட்டில் தொட்டியைக் கம்பிவலையால் மூடுங்கள். ஒரு சாண் தண்ணீரிலும் குழந்தைக்கு ஆபத்து உண்டு.

வள்ளைக்கு அடுத்து ஆரைக்கீரை. வயலில் நான்கு இலை கூட்டல் குறி போல நிற்குமே, அதுதான். பூ பூக்காது, பெரணி வகை. மூன்று இலையும் புளிப்பும் இருந்தால் அது புளியாரை, வேறு செடி. இதையும் தொட்டிச் சேற்றில் வேரோடு பதித்தால் படரும். ஆனால் பச்சையாகத் தின்னக்கூடாது. 1861-ல் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் சிக்கிய பர்க், வில்ஸ் என்ற பயணிகள் அந்நாட்டு ஆரையின் விதை போன்ற காய்களைத் தின்று வயிறு நிறைந்தும் மெலிந்து இறந்தார்கள். உடலிலுள்ள பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் அதில் இருந்ததே காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அந்த மண்ணின் பழங்குடியினர் அதைப் பக்குவம் செய்து உண்டு நலமாகவே இருந்தார்கள். நம் பெரியவர்களும் ஆரையை வேகவைத்துத்தான் கடைந்தார்கள்.

வள்ளையையும் வேகவைத்தே உண்ணவேண்டும். நீர்ச்செடிகளில் ஒட்டியிருக்கும் புழுக்களின் கூடுகள் கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் முழுதும் போகாது. கொதியில்தான் சாகும்.

தாமரை வளர்க்க அகலமான தொட்டியும் பொறுமையும் வேண்டும். காஷ்மீரில் அதன் கிழங்கை நத்ரு என்று தயிரில் சமைப்பார்கள். கடையில் விற்கும் மக்கானா தாமரை விதை என்று நினைக்கிறோம். அது பிகாரில் விளையும் முள் நிறைந்த ஒரு அல்லி வகையின் விதை.

ஏன் தொட்டி, ஏரியிலேயே பறிக்கலாமே என்று கேட்பீர்கள். ஊசுடு ஏரி 2008 முதல் பறவைகள் சரணாலயம், அங்கே பறிப்பது முறையல்ல. பாகூர்ப் பக்க வாய்க்கால்களில் வயலுக்கு அடித்த மருந்து வடிந்து வருகிறது. ஆலைக் கழிவு கலக்கும் ஓடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீர்க்கீரைகள் தண்ணீரிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துவைக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. கழிவோடையில் செழித்த கீரையைப் பார்த்தால் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும்.

தண்டு வேண்டுவோர் ஜும்ஆ முடிந்ததும் அலுவலகத்தில் ஒரு கட்டு பெற்றுக்கொள்ளலாம். மீனை நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். மிஞ்சிய தண்டை ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாமல் ஆட்டுக்குப் போடுங்கள்.